எட்டுக் கம்பிகளும் ஐம்பத்து நான்கு மில்லிமீட்டரும்

2025 மார்ச் 2, ஞாயிறு. காலை 7.40. பறவை எண்ணிக்கை 1,163.

பவளக்கால் உள்ளான் 640, உப்புக்கொத்தி 388, வளைமூக்குக் கோட்டான் 97, மற்றவை 38.

போன நவம்பரில் இதே உயர அலைக்கு 1,904 இருந்தது. எங்கே போயின? கடல் ஏறினால் சேற்றுத்திட்டு முழுக்க மூழ்கிவிடும். அப்போது வடக்கே எங்கேயோ பனிக்காட்டிலிருந்து பறந்து வந்தவை காலூன்ற, செப்பாங் ஆற்று வாயிலிருந்து லுக்குட் வரை மிஞ்சியிருப்பது ஒரே இடம். ஆர்டன் தோட்டத்தின் கடலோர டிவிஷனில் கைவிடப்பட்ட இறால் குளம். டிசம்பரில் அதன் ஓரத்தில் ஒரு பம்ப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து தண்ணீரை இறைத்துக் கடலில் விட்டுக்கொண்டே இருக்கிறது. குளத்தைக் காயவைத்து எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்களாம். இருக்கிற செம்பனை போதாதா?

பம்ப்பை ஓட்டுகிறவர் புனிதன் அண்ணன். குளத்துக்குப் பின்னால் வரிசையாக உள்ள பதினொரு கம்பெனி வீடுகளில் ஒன்று அவருடையது. நான் தொலைநோக்கியை மடக்கும்போது குளத்து மண்கரையான பண்டு மேலே நின்று கேட்டார். “என்னா மயூரன், இன்னிக்கிப் பெரட்டுல எல்லாரும் ஆஜரா?” பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது. “கிராணி பேரன்தான? பேர் கூப்புடுற வேல ரத்தத்துல இருக்கும்லா.”

என் தாத்தா வேறொரு தோட்டத்தில் பேர் பதிந்து கணக்கெழுதும் கிராணியாக இருந்தார் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். இனி விடமாட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுநூற்று நாற்பத்தொரு பறவைகளைக் காணோம்.

மார்ச் 3, திங்கள்

பறவை எண்ணுவது இந்த ஆய்வில் பாதி. மறுபாதி மண், அதுதான் என் படிப்பு. செப்டம்பரில் எட்டு இரும்புக் கம்பிகளைச் சேற்றில் இறக்கினேன். சில குளத்தோரம், சில வீடுகளின் பக்கம். மண் இறங்கினால் கம்பியும் இறங்கும். எவ்வளவு என்று பார்க்க அசையாத ஒரு புள்ளி வேண்டும், பெஞ்ச்மார்க் என்போம். இந்தக் கரையில் பாறை தலைநீட்டும் இடம் ஒன்றுதான், அதன் மேல் முனியாண்டி கோயில். அதனால் கோயில் மேடையின் மூலையில் சிவப்புச் சாயத்தில் ஒரு கூட்டல் குறி போட்டேன். எல்லா அளவும் அதிலிருந்துதான்.

இன்று மறுபடி அளந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கோயிலில் அளவுகோலைப் பிடிக்கப் புனிதன் அண்ணனே போனார். மேடையேறப் பூட்ஸைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி - எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நான் அறுபது மீட்டர் தள்ளிக் கருவியோடு நின்றுகொண்டேன்.

53, 54, 55, 54, 53, 54, 54, 55. எல்லாம் மில்லிமீட்டர். எல்லாம் இறக்கம்.

ஆறு மாதத்தில் ஐந்தரை சென்டிமீட்டர். பம்ப் மண்ணை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மாட்டிக்கொண்டார்கள்.

மார்ச் 5, புதன்

நீலாய், பல்கலைக்கழகம். டாக்டர் ரோகினியின் அறையில் நாற்பது நிமிடம். அவர்தான் ஆய்வுக்குத் தலைவர். எண்களைப் பார்த்தார், பேனாவை வைத்தார்.

“மயூரன், பம்ப் பக்கத்துல உள்ள கம்பியும் நானூறு மீட்டர் தள்ளி உள்ள கம்பியும் ஒரே அளவா எறங்கியிருக்கு. சேறு அப்படி எறங்குமா?”

“எறங்கியிருக்கே டாக்டர்.”

“லுக்குட்ல இன்னொரு பெஞ்ச்மார்க் இருக்கு. அங்கிருந்து ஒரு தடவ லெவல் எடுத்துட்டு வாங்க. அப்பறம் பேசலாம்.”

அங்கிருந்து படிப்படியாக உயரத்தை அளந்து லெவல் எடுத்துவர நான்கு நாள் ஆகும். நான்கு நாளில் குளம் இன்னும் எவ்வளவு வற்றும்? இவர்களுக்கு எல்லாமே அப்பறம்தான். கமிட்டி அப்பறம், அறிக்கை அப்பறம், பறவை செத்தபிறகு ஒரு கருத்தரங்கு. கம்பெனிக்குப் பயப்படுகிறாரா? நேராகவே கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. “வெளிய போங்க” என்றார், மெதுவாக.

போனேன்.

மார்ச் 6, வியாழன்

அனுப்பிவிட்டேன். தோட்ட மேனேஜருக்கும் கம்பெனித் தலைமைக்கும் என் பெயரிலேயே மெயில். டாக்டரிடம் கேட்கவில்லை. “கடலோர டிவிஷனில் தரை ஆறு மாதத்தில் 54 மில்லிமீட்டர் இறங்கியுள்ளது. இந்த வேகத்தில் பதினொரு வீடுகளும் அலைமட்டத்துக்குக் கீழே போகும். பம்ப்பை உடனே நிறுத்துங்கள்.”

பறவையைச் சொன்னால் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீடு என்றால் பார்ப்பான். அதனால்தான் வீட்டை எழுதினேன்.

நிம்மதியாகத் தூங்குவேன் இன்று.

மார்ச் 10, திங்கள்

பதில் இல்லை.

மார்ச் 15, சனி

1,098. பம்ப் ஓடுகிறது. பதில் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் லோகேஸ்வரி அக்காவின் போன். புனிதன் அண்ணனின் மனைவி, சுங்கை காடுட்டில் ஃபேக்டரி வேலை. இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறார். வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். பதினொரு கதவிலும் அதே தாள்.

“பல்கலைக்கழக ஆய்வின்படி தரை இறங்குவதால்” ஏப்ரல் 30க்குள் காலிசெய்ய வேண்டுமாம். தொலைவில் எங்கேயோ வாடகை ஃப்ளாட் பார்த்துத் தருவார்களாம், மூன்று மாதத்துக்கு.

“பல்கலைக்கழகம்னா நீதான? நீ பம்ப நிறுத்தச் சொல்றேன்னு சொன்ன. எங்கள நிறுத்துறேன்னு சொல்லலியே.”

என்னவோ உளறினேன்.

என் எண். என் எண்ணைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டுவிட்டான் மேனேஜர். அயோக்கியன்.

மார்ச் 19, புதன்

அரை நாள் லீவு போட்டுத் தோட்ட ஆபீஸ் போனேன். மேனேஜர் சுகுமாறன். ஏசி அறை, மேசையில் என் மெயிலின் பிரதி, மஞ்சள் கோடு போட்டு. நான் கத்தினேன். அவர் கத்தவில்லை, அதுதான் எரிச்சல்.

“தம்பி, வீடு முழுகிடும்னு எழுதுனது நீங்க. நாளைக்கி எதாச்சும் ஆனா, தெரிஞ்சும் ஆளுங்கள வெச்சிருந்தீங்கன்னு என்னயத்தான் கேப்பாங்க.”

“அப்ப பம்ப நிறுத்துங்க.”

“பம்ப்ப நிறுத்த கம்பெனி போர்டு சொல்லணும். வீட்டுக்கு என் கையெழுத்தே போதும்.” தாளை என் பக்கம் தள்ளினார். “நம்பர் தப்புன்னா சொல்லுங்க. நோட்டீஸ நானே கிழிச்சிருவேன்.”

“நம்பர் சரி” என்றேன். அவ்வளவு திமிராகச் சொன்னேன்.

மார்ச் 22, சனி

இதை ஒழுங்காக எழுதவேண்டும். நடந்த வரிசையிலேயே. ஒன்றும் விடாமல்.

இன்னும் ஆதாரம் வேண்டும், ஒவ்வொரு கம்பியையும் மூன்று முறை அளந்து ஆளைத் தப்பவிடாமல் செய்யவேண்டும் என்று கருவியோடு போனேன். புனிதன் அண்ணன் பம்ப்பில் இல்லை, நோட்டீஸ் விஷயமாக எங்கேயோ அலைகிறார் என்றார்கள். கோல் பிடிக்க ஆளில்லை. சரி, கோலைக் கோயில் மேடையில் முக்காலியில் நிறுத்திவிட்டு வரலாம் என்று பூட்ஸைக் கழற்றி ஏறினேன்.

காலுக்குக் கீழே வழவழவென்று குளிர்ந்தது.

டைல்ஸ். மேடை முழுக்க மரூன் நிற டைல்ஸ். செப்டம்பரில் நான் பார்த்தது சொரசொரப்பான பழைய சிமெண்டு. மூலையில் என் சிவப்புக் குறி - ஆனால் டைல்ஸின் மேல். என்னுடையதைவிட நேராக, அழகாக.

எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்? அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

“இது எப்பண்ணே போட்டது?”

“பொங்கலுக்கு முன்ன. கோயில் கமிட்டிதான் போட்டோம். வருசா வருசம் பூசைக்கு முன்ன எதாச்சும் ஒரு வேல செய்வோம்லா, போன வருசம் கூரைக்கு சாயம், அதுக்கு முந்தி சூலம். ஏன்?”

“இந்தக் குறி?”

அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை. “டைல்ஸ் ஒட்டுறவன் மூடப் பார்த்தான். நான்தான், டேய் அது படிச்ச பையன் அளவு போட்டது, அழிக்காதன்னு சத்தம் போட்டேன். நூல் புடிச்சி அதே எடத்துல திரும்ப போடச் சொன்னேன். ஒரு இஞ்சிகூட நகரல. வேணும்னா பாரு.”

ஒரு இஞ்சிகூட நகரவில்லை. இடமும் வலமும் நகரவில்லை. மேலே ஏறியிருக்கிறது.

பக்கவாட்டில் அடிக்கோலை வைத்தேன். புதிதாகப் பூசிய சிமெண்டு 43, டைல்ஸ் 9. ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்.

அண்ணனிடம் கத்தினேன். “யாரக் கேட்டுப் போட்டீங்க, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, ஒரு போன் பண்ணக்கூடாதா?” அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “எங்க கோயிலுக்கு நாங்க டைல்ஸ் போட உன்னக் கேக்கணுமா?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல்.

மார்ச் 23, ஞாயிறு

கணக்குப் போட்டுவிட்டேன். 52ஐக் கழித்தால் மிஞ்சுவது 1, 2, 3, 2, 1, 2, 2, 3. மூன்று மில்லிமீட்டர் வரை என் கருவியாலேயே கூடக்குறைய வரும். தரை இறங்கியது என்று சொல்ல ஒன்றுமில்லை.

எட்டும் ஒரே அளவு இறங்கியபோதே தெரிந்திருக்கவேண்டும். முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். எல்லாக் கம்பியும் ஒன்றுபோல நகர்ந்தால் நகர்ந்தது கம்பியல்ல. டாக்டர் அதைத்தான் கேட்டார். நான் அவரைக் கோழை என்றேன்.

மேடைக்குப் போயிருந்தால் அறுபது மீட்டர். பூட்ஸைக் கழற்ற ஒரு நிமிடம்.

யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு டைல்ஸ் தெரியும், கணக்குத் தெரியாது. சும்மா இருந்தால்? ஒருநாள் போர்டு பம்ப்பையும் நிறுத்தலாம், குளம் பிழைக்கலாம். பதினொரு வீடும் போகும். ஒரு மணிநேரம் இதை யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

சிரம்பான் வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: “முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு? ஆரோட சண்டை?”

ஒருவரோடும் இல்லை என்றேன்.

மார்ச் 24, திங்கள்

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துக் கணினியை என் பக்கம் திருப்பினார். “இன்னிக்கே அந்த மெயில திரும்பப் பெற்று எழுதுங்க. என் கையெழுத்தும் வரட்டும். பம்ப்ப எதிர்க்க உங்க கிட்ட பறவைக் கணக்கு மட்டும்தான் இருக்கு இப்ப. அது நல்ல கணக்கு. இனி எவன் நம்புவான்னு தெரியல.”

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

மாலை 4.15க்குக் கடிதம் போனது.

மார்ச் 26, புதன்

“கவனத்தில் கொள்ளப்பட்டது.” இவ்வளவுதான் பதில். நானே கிழித்துவிடுவேன் என்ற மனுஷன் போனையே எடுக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். என்னோடு புனிதன் அண்ணன், லோகேஸ்வரி அக்கா, வரிசை வீட்டுக்காரர்கள் ஆறேழு பேர். சுகுமாறன் காரிலிருந்து இறங்கும்போதே கடிதத்தை நீட்டினேன். நம்பர் தப்பு, அதைத் தப்பாகப் போட்டது நான், நீங்கள் சொன்னபடி கிழியுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்தார். உள்ளே போனார். பத்தரைக்கு ரத்துக் கடிதம் வந்தது.

அதிலிருந்த வீட்டு எண்களை எண்ணினேன். பத்து.

மார்ச் 30, ஞாயிறு

அலை ஏறியிருந்த நேரத்தில் நான் குளத்துக்குப் போகவில்லை. எண்ணிக்கை இல்லை.

விட்டுப்போனது ஒன்றாம் எண் வீடு, மணியம் - செல்லம்மா. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நோட்டீஸைப் பார்த்துப் பயந்து, கடைசி நாள்வரை இருக்க மனமில்லாமல், செவ்வாய்க்கிழமையே சாவியைக் கொடுத்துவிட்டு மந்தினில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புதன்கிழமை கம்பெனி லாரி வந்து கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. காலி வீட்டில் வேறு யாரும் குடியேறக்கூடாது என்று அப்படித்தான் செய்வார்களாம். செவ்வாய். நான் கடிதம் அனுப்பிய மறுநாள். இவர்களுக்கு நேரில் வந்து சொல்லாமல் மெயிலில் பதில் வரட்டும் என்று நீலாயில் காத்திருந்த நாள்.

மதியம் வரிசை வீட்டு வாசலில், எண் எப்படித் தப்பானது என்று எல்லாருக்கும் விளக்கினேன். கருவியில் ஒரு சின்னப் பிழை நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

லோகேஸ்வரி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. “கருவி தப்பு பண்ணுச்சா? அப்ப மெயில அனுப்புனது யாரு, அதுவும் கருவியா?”

சிலர் சிரித்தார்கள். புனிதன் அண்ணன் சிரிக்கவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னால் இனி என்னை நம்ப ஆளில்லை. ஒன்றாம் எண் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்படிச் சுவரில் காலண்டர் அப்படியே இருக்கிறது, மேலே வானம்.

இனிச் செய்யவேண்டியவை:

1. டாக்டரிடம் மன்னிப்பு. மெயிலில் அல்ல, அறைக்குப் போய்.

2. லுக்குட் பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவல். நான்கு நாள் ஆனால் நான்கு நாள்.

3. பாறையிலேயே துளைபோட்டு ஒரு போல்ட். முதலில் கோயில் கமிட்டியிடம் கேட்டு.

4. ஒன்றாம் எண் வீட்டின் தகரத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம். அண்ணனும் அக்காவும் கையெழுத்திடுவார்களா என்று கேட்பது. மாட்டோம் என்றால் தனியாக.

5. நாளைக் காலை மந்தின். மணியம் அய்யாவிடமும் செல்லம்மா அம்மாவிடமும் நேரில் சொல்வது.

6. சொல்லும்போது கருவி என்ற வார்த்தை வரக்கூடாது.