என் இருமலுக்கு நீங்கள் போட்ட திருத்தம்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நீங்கள், பாப்பா, அத்தை எல்லோரும் சுகமா? நலம் விசாரிப்பது இப்படித்தான். டியூஷன் வாத்தியாருக்கு மறந்துபோயிருக்கும்.

"இங்கிலீஷ்லயே எழுது, பழகிடும்" என்றீர்கள். எழுதினேன். எனக்குக் 'கன்டினியுவஸ்' இருமல் என்ற வரியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, என் கடிதத்தையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். விட்டு விட்டு வந்தால் 'கன்டினியுவல்', விடாமல் வந்தால்தான் 'கன்டினியுவஸ்', இரண்டுக்கும் வேர் 'சேர்த்துப் பிடிப்பது' என்னும் லத்தீன் சொல் என்று ஓரத்தில் பாடம் வேறு. அந்த வேரை உங்கள் டியூஷன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்க அந்த ஓரத்தில் இடமில்லையா?

பயப்பட ஒன்றுமில்லை. நேற்று இங்கே சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும்போது இருமிவிட்டேன். "வெள்ளைத் துணிம்மா இது, வெளிய போய் இருமு" என்று சூப்பர்வைசர் அம்மா விரட்டினாள். போய் இருமிவிட்டு வந்தேன். அவள் காதிலாவது விழுந்ததே.

பீரோவில் இருக்கும் என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். பாப்பா கையெழுத்தில் இரண்டு வரி வேண்டும். அதையாவது திருத்தாமல் அனுப்புங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. இருமல் இப்போது நீங்கள் சொன்னபடி விட்டு விட்டுத்தான் வருகிறது. நான் எழுதிய 'கன்டினியுவஸ்' என் கோபத்துக்குச் சரியாகப் பொருந்தும். அதற்கு வட்டம் போடாதீர்கள்.