அளவு தெரியாத தொப்பி

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தப் பார்சலில் இருக்கும் இரண்டு கம்பளித் தொப்பிகளும் உன் பிள்ளைக்கு. கிறிஸ்துமஸ் பரிசாக அப்பா தன் கையாலேயே பின்னினார். ஆமாம், நம் அப்பாதான். பஸ் பணிமனையில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த அதே கைதான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா கற்றுக்கொடுத்தார். நான் சிரித்தேன். "எஞ்சினையே பிரிச்சு மாட்டினவன்டா நான், இந்த நூல் என்னை என்ன பண்ணிடும்?" என்றார். மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் பின்னினார்.

"குழந்தைக்குத் தலை எவ்வளவு பெருசுடா இருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சின்னதாக ஒன்று, பெரிதாக ஒன்று.

அன்று உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னவர் அவர்தான். ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு தினமும் கேட்டார்: "உன் தங்கச்சிக்குத் தகவல் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்ப்பா. லீவு கிடைச்சதும் வர்றாளாம்."

உன் நம்பர் என் போனில்தான் இருந்தது. இத்தனை நாள் நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன், கடைசியில் வந்து நீ ஏன் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற வீம்பு. வேறு காரணம் எதுவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் முகம் வழித்துவிடச் சொன்னார். "இப்படித் தாடியும் கீடியுமா இருந்தா அவ பயந்துடுவாடா" என்றார். வழித்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் கதவைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். அதற்குப் பிறகு நான் எழுப்பியும் அவர் எழவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்