பானர் என்று கூப்பிட்டால் எழுந்து நிற்பவர்கள்

ஹாசல்ராய்ட்,
நவம்பர் 14, 1997

கடல் கடந்து கனடாவில் வாழும் என் அண்ணன் மகள் ஆல்முட் பானருக்கு, இந்த ஊரின் ஒரே அசல் பானராகிய (அதில் ஒரு தகராறு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்) சித்தப்பா லோரன்ஸ் எழுதுவது.

நான் நலம். நீயும் உன் டங்கனும் நலமாக இருக்க வேண்டும். அங்கே இப்போதே பனி கொட்டிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே மழைதான். என் இடது முழங்கால், வானிலை அறிக்கைக்கு ஒரு நாள் முன்னதாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். கல்யாணப் பதிவுக்கு முன்னால், உன் பேரை வைத்துக்கொள்வதா, டங்கனின் பேரை எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டுமாம். அதனால் பானர் என்ற பேர் எங்கிருந்து வந்தது, எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்கிறாய். இதோ, மேஜை மேல் கிடக்கும் பித்தளைத் தகட்டில் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நான் சொல்லப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய். டங்கன் நம்ப மாட்டான். எதை வேண்டுமானாலும் நம்பும் உன் அம்மாகூட நம்ப மாட்டாள்.

முதலில் எண்ணிக்கை. இந்த நாட்டின் தொலைபேசிப் புத்தகங்கள் அத்தனையையும் தபால் நிலையத்தில் நின்றபடியே எட்டுக் குளிர்காலம் படித்தேன். முல்லர்களைக் கடப்பதற்கே மூன்று மூக்குக் கண்ணாடிகள் தேய்ந்தன. முடிவில் கிடைத்த பானர்கள் பதினோரு பேர். கனடாவில் நீ ஒருத்தி. ஆகப் பன்னிரண்டு. கரடிகள்கூட இதைவிட அதிகம்.

அடுத்தது பூர்வீகம். என் அப்பா எனக்குச் சொன்னதை, அவர் விட்ட இடங்களை நிரப்பிச் சொல்கிறேன். நம் மூதாதை சக்கரவர்த்தியின் படையில் கொடி பிடித்தவர். பானர் என்றால் கொடிதானே. ஆற்று வெள்ளத்தில் படையே அடித்துக்கொண்டு போனபோது, ஒரு கையில் கொடியும் தோளில் குதிரையுமாக மூன்று நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். குதிரைக்குச் சளி பிடித்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது வருஷமாகக் கஸ்பரின் சாப்பாட்டு விடுதியில் இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். யாரும் மறுத்ததில்லை, மறுக்கிறவனுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்வேன் என்பதால்.

நான் வாசல் மணிப் பக்கத்தில் பதிக்கும் பித்தளைப் பெயர்த் தகடு வெட்டுகிறவன் என்பது உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு முல்லர் தகடு வெட்டியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். என் பேரை இந்த வருஷம் வரை ஒரே ஒரு தகட்டில்தான் வெட்டியிருந்தேன், அது என் வாசலில் இருக்கிறது. டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையிலும் எனக்கு அதே மரியாதைதான். தாதி சபீனே கதவைத் திறந்து, மற்றவர்களைத் திரு, திருமதி போட்டுக் கூப்பிடுவாள். முல்லர்களுக்குத் தெருப் பேரும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும் ‘பானர்’ என்ற ஒற்றைச் சொல் போதும். அறையில் ஒரே ஒரு ஆள் எழுந்து நிற்பான்.

எதிரே கம்பளி நூல் கடை வைத்திருக்கும் ரோஸ்விதாவை உனக்கு நினைவிருக்கும். பிறந்ததும் முல்லர் வீட்டில், வாழ்க்கைப்பட்டதும் முல்லருக்கு. அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் வேறு ஏதோ முல்லரின் பித்தப்பைக் கல்லுக்காக இவளை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே நவம்பரில், கஸ்பரின் விடுதியில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பொரித்த கெண்டை மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: ‘உங்களுக்கு வாய்ச்ச பேரப் பாருங்க லோரன்ஸ். கூப்பிட்டா ஒரே ஆள் எந்திரிக்கிறீங்க. முல்லர்னு கூப்பிட்டா பாதி ஊரே எந்திரிக்குது. எனக்கும் அந்த மாதிரி ஒரு பேருக்குள்ள போய் நிம்மதியா உக்காந்துடணும் போல இருக்குங்க.’

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். ஆல்முட், அந்த நேரத்தில் என் தொண்டையில் ஒரு முள் மாட்டியிருந்தது. பெரிய முள். கஸ்பர் அதைப் பிறகு கோட்டு மாட்டப் பயன்படுத்தினான். பதில் சொல்ல வழியில்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் மழை.

இப்படி இருக்கையில், போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கதவு அளவுக்கே ஒருவன். பேர் ஹார்ட்விக் பானர். வடக்கே கடலோரத்தில் பயணிகள் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவனாம். தொலைபேசிப் புத்தகத்தில் என் பேரைப் பார்த்துவிட்டு, சொந்தம் தேடிக் கிளம்பி வந்திருக்கிறான். ‘தம்பி! நாடு பூரா பதினோரு பேரு, அதுல ரெண்டு பேரு இங்க கட்டிப்புடிச்சு நிக்கிறோம்டா!’ என்று என்னைத் தரையிலிருந்து தூக்கினான். ஓர் அடி உயரத்துக்கு. நிஜத்தில் மூன்று அடி.

அவனை ஒரு வாரம் தங்க வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பற்கள் அத்தனையும் சொந்தப் பற்கள். தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருஷமாகக் காலியாக இருந்த மேல் குரல் இடத்தில் போய் நின்றான். ஜன்னல் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டதாகப் பேச்சு. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தவை என்பது என் கருத்து. உருளைக்கிழங்கு உருண்டையைக் கஸ்பரின் மனைவியை விட நன்றாகப் பிடித்தான். வடக்கத்தியான் நம் உருண்டையைப் பிடிக்கலாமா? கஸ்பர் ஊரே கேட்கும்படி சொன்னான்: ‘யோவ் லோரன்ஸ், இத்தனை நாளா பானர்னா நீதான்னு நெனச்சோம். இப்பத்தான்யா தெரியுது, நீ கடைக்காரன் பாக்கக் குடுக்கிற சாம்பிள் துண்டு!’ எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்விதாவும் சிரித்தாள். அவள் சிரித்ததை மட்டும் நான் எண்ணினேன்.

ஒரு வாரம் முடிந்தது, அவன் போகவில்லை. மருந்துக் கடைக்கு மேலே வீடு பிடித்தான். பின்னல் கற்றுக்கொள்கிறானாம். கப்பலில் கயிறு பின்னிய கையாம். தினமும் பத்து மணிக்கு நூல் கடைக்குள் நுழைந்து ஒரு உருண்டை நூல் வாங்கினான். அந்தக் கழுத்துத் துணி மே மாதத்துக்குள் பாலத்தைத் தாண்டி, அடுத்த ஊர் எல்லையில் மாடுகள் தடுக்கி விழும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் நான் அந்தக் கடையில் ஒரு உருண்டைகூட வாங்கியதில்லை, ஆல்முட். எதுக்கு என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

ஆனால் என்னைக் குத்தியது கழுத்துத் துணி அல்ல. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கஸ்பரின் விடுதியில் இருவரும் முழங்கையோடு முழங்கை கோத்துக் கோப்பையைக் காலி செய்தார்கள். நம் ஊர் வழக்கப்படி அதற்குப் பிறகு ‘நீங்க’ கிடையாது என்பது உனக்குத் தெரியும். அவன் அவளை ‘நீ’ என்றான். அவளும் அவனை ‘நீ’ என்றாள். நானும் அவளும் ஒன்பது வருஷம் எதிர் எதிர்க் கடையில் இருந்தும் ‘நீங்க’தான். என் பேரை வைத்துக்கொண்டு, அதுவும் என் பேரை வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் ஒருவன் அந்த ‘ங்க’வைக் கழற்றிவிட்டான்.

இவன் பானரே அல்ல, போலி என்று நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். தகடு வெட்டும் பூதக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பங்குத் தந்தையின் வீட்டுக்குப் போய், பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைத் திறந்தேன். தூசியில் ஒரு பிஷப்பே புதைந்திருக்கலாம். பழைய கையெழுத்து எனக்குப் பழக்கம். அந்த எழுத்தில் ‘ன்’னும் (n) ‘உ’வும் (u) இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் இரண்டே இரண்டு நேர்கோடுதான். அடையாளத்துக்கு ‘உ’வின் தலையில் மட்டும் சின்னதாக ஒரு வளைந்த கோடு போடுவார்கள். 1741இல் நம் மூதாதைக்குப் பெண் பிறந்திருக்கிறது. தகப்பன் பேரின் நடுவில், ஆல்முட், தெளிவாக ஒரு வளைவு. பானர் அல்ல, நடுவில் ‘உ’ வந்தால் வாசிக்க வேண்டிய பாவர். உழவன். ஆறு பக்கத்துக்குத் தொலைபேசிப் புத்தகத்தை நிரப்பும் அந்தப் பாவர்! 1743இல் புதுப் பாதிரியார் வந்திருக்கிறார். அதே தகப்பன், அதே வீடு, பையன் பிறந்திருக்கிறான், வளைவைக் காணோம். ஜன்னல் வழியாக ஒரு வாத்து பாய்ந்து அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பையன் வளர்ந்து புத்தகத்தில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டான். கொடியும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு கோடு விட்டுப்போனதில் பிறந்தது நம் வம்சம். அவனுடைய இளைய மகன் வடக்கே போயிருக்கிறான். ஹார்ட்விக் அந்தக் கிளை. போலி அல்ல, சுத்தமான சொந்தம்.

நொறுங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே நூல் கடைக்கு ஓடினேன். அவள் ஆசைப்பட்டது பேருக்குத்தானே, அந்தப் பேரே முல்லரை விடச் சாதாரணமானது என்று தெரிந்தால் கப்பல்காரனை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த நூல் உருண்டை தெரு வரைக்கும் ஓடும்படி சிரித்தாள். ‘ஒரு கோடு விட்டுப்போனதுல வந்த பேரா! பொருத்தமாத்தான் இருக்கு லோரன்ஸ். வேண்டிய நேரத்துல வேண்டியத விட்டுடறது உங்க குடும்ப வழக்கம் போல’ என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. நூலைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ‘ஒரு மீன் முள்ளுக்கு ஒம்பது வருஷங்க’ என்றாள்.

ஹார்ட்விக் முந்தின வாரமே கேட்டுவிட்டானாம். சரி என்றும் சொல்லிவிட்டாளாம். ‘வாசலுக்குத் தகடு வேணும். நீங்கதான் வெட்டணும். மத்தவங்க யார் வெட்டினாலும் தப்பா வெட்டிடுவாங்க’ என்றாள்.

தகட்டை என்ன செய்தேன் என்று கேட்பாய். ‘ன்’னைத் தலைகீழாக வெட்டினால் ‘உ’ ஆகிவிடும் அல்லவா? பாவர் என்றே வெட்டிப் பதித்துவிட்டேன். மறுநாள் விடியும்போது நாட்டிலுள்ள பாவர்கள் அத்தனை பேரும் பெட்டியோடு வாசலில் வரிசை கட்டினார்கள். மருந்துக் கடையிலிருந்து ரயில் நிலையம் வரை வரிசை. ஹார்ட்விக் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து மூன்று நாளில் இளைத்துப்போனான். இப்படித்தான் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. நேற்றும் மழையில் அந்த வாசல் வழியாகத்தான் போனேன். ‘பானர்’ என்று இருக்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு நேராக நான் ஒரு ‘ன்’ வெட்டியதில்லை.

செப்டம்பரில் கல்யாணம் ஆனது. விருந்தில் அவள் என் முழங்கையோடு முழங்கை கோத்துக் கோப்பையைக் காலி செய்து, ‘இனிமே சொந்தக்காரங்க ஆயிட்டோம். நீன்னே கூப்பிடு லோரன்ஸ்’ என்றாள். ஆக எனக்கும் அந்த ‘நீ’ கிடைத்தது. அவன் வழியாக.

எனவே, எண்ணிக்கை இப்போது பதின்மூன்று. நீ டங்கனின் பேரை எடுத்துக்கொண்டால் மறுபடி பன்னிரண்டு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு கோடுதானே. ஆனால் டங்கனிடம் சொல்ல வேண்டியது எதையாவது நீ நாளைக்கு என்று வைத்திருந்தால், இன்றைக்கே, சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடு. முடிந்தால் அன்றைக்கு மீன் வேண்டாம். ஈஸ்டருக்கு இருவரும் வாருங்கள். என் மேஜையில் இரண்டு நாற்காலிகள் சும்மாதான் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு எந்தப் பேரில் தகடு வேண்டும் என்று எழுது, வெட்டிவைக்கிறேன். கடவுள் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ், ஒரே போர்வையின் கீழ், நீண்ட நாள் சண்டை போட வைக்கட்டும்.

கொடி, குதிரை, வாத்து, மாடுகளைத் தடுக்கிய கழுத்துத் துணி, எல்லாவற்றையும் டங்கனுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கோடு போட்டு அடித்துவிடு. ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. போன செவ்வாய்க்கிழமை டாக்டர் வீட்டில் காத்திருந்தேன். ரோஸ்விதாவும் இருமலோடு வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள். சபீனே கதவைத் திறந்து, பழைய பழக்கத்தில், ‘பானர்’ என்றாள். இரண்டு பேர் எழுந்து நின்றோம். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த, எங்களை அறியாத ஒரு அம்மாள், வழியிலிருந்த தன் பையை நகர்த்திக்கொண்டு, ‘போங்க, போங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க’ என்றாள்.

நான் அவளைத் திருத்தவில்லை.

உன் சித்தப்பா,
லோரன்ஸ் பானர்