பாஸ்கருக்கு எக்கோ கிடையாது

ஆடி ஞாயிறு, 2011. திண்டிவனம்.

வீட்டுக் கணக்கு எழுதியாயிற்று. சாமிக்கு விளக்கும் வைத்தாயிற்று. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

விழுப்புரத்தில் கூழ் வார்த்த இடத்துக்குப் பாஸ்கர் வந்திருந்தான். தம்பியின் பழைய ராக் பேண்டில் பாடினவன். அவர்கள் போட்ட ஒரே ஆல்பத்தை, தம்பி வைத்திருந்த ஒரிஜினல் டேப்பிலிருந்து எடுத்து நான் ரீமிக்ஸ் செய்வதை யாரோ சொல்லிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"யாரும் வாங்காத ஆல்பத்த இன்னும் நோண்டிக்கினு இருக்கீங்களாக்கா? உங்க தம்பி டிரம்ஸு தகர டப்பா தட்டுன மாரி இருந்துச்சு. நான்தான் சவுண்ட கொறைக்கச் சொன்னேன்."

தம்பி கையிலிருந்த கூழையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இத்தனை மாதமாக அந்தப் பாஸ்கர் சுருதி விலகின இடமெல்லாம் எக்கோ போட்டு மூடினவள் நான். ஆல்பம் நன்றாக வரவேண்டுமே என்றுதான். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் எடுத்துவிட்டேன். அவன் குரல் இப்போது அம்மணமாக நிற்கிறது. எக்கோவுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த டிரம்ஸ் மேலே வந்துவிட்டது.

தம்பிக்குப் போனில் போட்டுக் காட்டினேன்.

"பாவம்க்கா அவன். எக்கோவத் திரும்பப் போட்டுடு. பாட்டு கெட்டுடும்."

"பாட்டு ஒண்ணும் கெடல. டிரம்ஸக் கேளுடா."

முழுப் பாட்டையும் கேட்டான். பிறகு, "இன்னொரு தபா போடுக்கா" என்றான்.

மாரியம்மா, பாஸ்கரை மன்னிக்கிற மனசை எனக்குக் கொடு. இன்றைக்கு வேண்டாம். ஆல்பம் வெளியே போன பிறகு கொடு.