கீறல் விழாத மட்டை

19 ஜூன் 2006

காலையிலிருந்து சாரல். குமுளிப் பக்கம் மலையே தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் புத்தகம் கொடுத்தார்கள், பாதிதான் வந்திருக்கிறது. மைதானம் முழுக்கச் சேறு, அதனால் ஹாக்கி பிராக்டிஸ் இல்லை. வீட்டில் கொள்ளுத் துவையல். வேறொன்றும் இல்லை.

2 ஜூலை

எழுதக் கை ஓடவில்லை. எனக்கு மட்டை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மரமட்டை இல்லை, என் சொந்த மட்டை. கம்போசிட், ஃபைபரில் செய்தது.

வாங்கித் தந்தது ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள். அவர்கள் வண்டிக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது அப்பாதான். பட்டறையும் ஸ்டாண்டுக்கு எதிரே. போன வருடம் மாவட்டப் போட்டியில் விரிசல் விட்ட மட்டைக்குத் துணி சுற்றி நான் விளையாடியதை அவர்களில் பிச்சைமணி அண்ணன் பார்த்திருக்கிறார். அப்பாவிடம்கூட மூச்சு விடாமல் எல்லாரும் சேர்ந்து மதுரையிலிருந்து வரவழைத்துவிட்டார்கள்.

"சுருளியாண்டிண்ணே மக இனிமே ஓட்ட மட்டையில வெளையாடக் கூடாது. அம்புட்டுத்தான்" என்று சொல்லி அண்ணன் என் கையில் கொடுத்தார்.

நல்ல ஆரஞ்சு நிறம், கீழே வளைவில் கறுப்பு, நடுவே வெள்ளிக் கோடு. அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். "என்னா பினிசிங்கு! எந்த மவராசன் அடிச்சானோ" என்றார். அப்பாவுக்கு ஹாக்கியில் கோல் தவிர ஒன்றும் தெரியாது. பெயிண்டைப் பற்றித் தெரியும்.

6 ஜூலை

சுகிர்தம் டீச்சர், எங்கள் பி.டி. டீச்சர், மட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய வகுப்பே எடுத்தார். நடக்கும்போது தரையில் இழுக்காதே. மற்ற மட்டைகளோடு சேர்த்துக் கட்டாதே. ஆடி முடித்ததும் ஈரத்துணியால் சேற்றைத் துடை. வெயிலில் போட்டு வைக்காதே. "பெயிண்ட் அழகுக்கு மட்டும் இல்லடி. அது உரிஞ்சா உள்ள இருக்கிற நார் பிரிய ஆரம்பிச்சுரும்."

அம்மா தன் பழைய உள்பாவாடையைக் கிழித்து உறை தைத்துக் கொடுத்தாள். மட்டைக்குப் பாவாடை கட்டிவிட்டதாக எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

28 ஜூலை

போச்சு. கீழ் வளைவில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. நகம் அளவுதான். ஆனால் உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது.

நம்ம மைதானம் மண்ணா, வெறும் சரளை. பந்தைத் தடுக்கக் குனிந்தால் கல்லில்தான் உரசுகிறது. எப்படி உரசாமல் ஆடுவது? இன்று இரண்டு பந்தை விட்டுவிட்டேன். டீச்சர் கத்தினார்: "பந்தப் பாக்குறியா, மட்டையப் பாக்குறியா?"

மட்டையைத்தான்.

29 ஜூலை

ஓரங்களில் ஒட்டச் சொல்லி டீச்சர் கண்ணாடி டேப் தந்தார். அப்பா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "டேப்பு ஓரம் பிரிஞ்சா அழுக்கேறும் ஆத்தா. எங்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டனா?" என்றார். கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம்.

24 செப்டம்பர்

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. கணக்கு சுமார். அடுத்த வாரம் மதுரையில் மாநில ஜூனியர் அணித் தேர்வு. அதில் பெயர் வந்தால் சென்னையில் ஒரு கல்லூரியில் ஹாஸ்டலோடு இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்கிறார். அந்தக் கல்லூரி கோச்சும் பார்க்க வருகிறாராம். அம்மாவிடம் சொன்னேன். "சென்னையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள். திரும்பி வந்து, "அங்கன தண்ணி உப்பா இருக்குமாம்ல" என்றாள். அப்படியென்றால் அனுப்பச் சம்மதம் என்று அர்த்தம்.

டீச்சர் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார். நேரே மதுரைக்கு வந்துவிடுவார்.

30 செப்டம்பர்

அப்பா என்னவோ செய்து வைத்திருக்கிறார்!

மூன்று நாளாக மட்டையைக் காணோம். கேட்டால், "பட்டறையில இருக்கு, பேசாம இரு" என்றார். இன்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். டேப்பை உரித்து, பெயர்ந்த இடத்தில் பட்டி வைத்து நிரப்பி, அதே ஆரஞ்சைக் கலந்து அடித்து, அதற்கு மேலே கிளியர், நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. காயக் காய மறுபடி மறுபடி கிளியர். கமாண்டர் ஜீப்பின் பானட் மாதிரி என் முகம் அதில் தெரிகிறது. ஒட்டு வைத்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்டாண்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனாக. ஒருத்தர் சாவியால் லேசாகக் கீறிக்கூடப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்பா மார்பில் கை கட்டி நின்றார். "கல்லுல போட்டு இழு ஆத்தா, ஒண்ணும் ஆகாது. இனி நீ பந்த மட்டும் பாத்தாப் போதும்."

தின்னர் நெடியில் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. இருந்தாலும் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

3 அக்டோபர்

மதுரையிலிருந்து வந்துவிட்டேன். நாளைக்கு எழுதுகிறேன்.

4 அக்டோபர்

எழுத வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது, இதிலாவது எழுத வேண்டும்.

மைதானத்தில் இறங்குவதற்கு முன்னால் எல்லார் மட்டையையும் ஒரு இரும்பு வளையத்தில் நுழைத்துப் பார்த்தார்கள். அளவு சரியா என்று பார்ப்பது விதி. எனக்கு இது தெரியாது. நம்ம மாவட்டப் போட்டியில் யாரும் பார்த்ததில்லை. உத்தமபாளையம் அணியில் ஆடுகிற என் தோழி சாஜிதாவின் மட்டை சரக்கென்று போனது. என்னுடையது வளைவுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது.

அதிகாரி இரண்டு தடவை முயன்றார். நகத்தால் தட்டிப் பார்த்தார். "மேல என்னம்மா பூசியிருக்க? இந்த மாடலே அளவுக்கு ஒட்டித்தான் வரும். இதுல ஆட முடியாது" என்றார். குரலில் கடுமைகூட இல்லை.

சுகிர்தம் டீச்சர் பிளேடு வாங்கி வந்து சுரண்டினார். கையில்தான் வெட்டிக்கொண்டார். பூச்சு அசையவில்லை. ஜீப்புக்கு அடிக்கிற கிளியர், எப்படி அசையும்? அப்பா அடிச்சதாச்சே!

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாஜிதா தன் பழைய மரமட்டையை நீட்டினாள். அவள் என்னைவிட உயரம், மட்டை நீளம், கனம் வேறு. என் கை எங்கேயோ போகிறது, பந்து எங்கேயோ போகிறது. ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்று அடித்தேன், வெளியே போனது. சென்னைக் கோச் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த பெண்ணைப் பார்த்தார்.

அவ்வளவுதான். என் பெயர் இல்லை. சாஜிதா பெயர் இருந்தது.

பஸ் உசிலம்பட்டி தாண்டியதும் டீச்சர், "அப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்றேன்" என்றார். நான் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டுப் போட்ட கை. "சொல்லாதீக டீச்சர். சத்தியமாச் சொல்லாதீக" என்றேன்.

எங்கள் ஊர் கூடலூரில் அப்பா பஸ் நிற்கும் முன்னே ஓடி வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டிக்கு எப்படி ஆத்தா? கீறல் விழுந்துச்சா?"

"ஒரு கீறல்கூட இல்லப்பா."

பொய் இல்லையே? அந்த மட்டை மைதானத்தையே தொடவில்லையே.

பிறகுதான் நான் தேர்வானேனா என்று கேட்டார். "நான் சரியா ஆடலப்பா" என்றேன். என் தலையில் கை வைத்து, "அதுனால என்ன, அடுத்த வருசம்" என்றார். கையில் தின்னர் வாசனை.

21 அக்டோபர்

தீபாவளி. புதுச் சுடிதார், பச்சை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா மட்டையை எடுத்துக் காட்டுகிறார். "மதுரை போய் ஆடிட்டு வந்துச்சு. பாருங்க, ஒரு பொட்டுப் பெயிண்டு போயிருக்கா?"

நான் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

11 நவம்பர்

மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூட மரமட்டையில்தான் ஆடுகிறேன். ஏன் எடுத்துப் போவதில்லை என்று அப்பா கேட்டார். "வீணாப் போயிரும்ப்பா" என்றேன். அவருக்குச் சந்தோஷம். "வெளையாடத்தான வாங்குனது? போனா இன்னொரு கோட்டிங் அடிச்சுத் தர்றேன்!"

டீச்சர் தன் வீட்டில் வைத்து வாட்டர் பேப்பர், அதுதான் உப்புத்தாள், போட்டுத் தேய்க்கலாம் என்கிறார். தேய்த்தால் பளபளப்புப் போகும். அப்பா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஏன் தேய்த்தாய் என்று கேட்டால்?

வேண்டாம். மட்டை போனால் போகட்டும்.

20 ஜனவரி 2007

இன்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

கம்பத்தில் உத்தமபாளையம் அணியோடு ஆட்டம். பொங்கல் முடிந்து பட்டறையில் வேலை இல்லை என்று அப்பா முதல்தடவையாக நான் ஆடுவதைப் பார்க்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. உறை போட்ட அந்த மட்டையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். "மறந்து வச்சிட்டு வந்துட்ட ஆத்தா."

நான் வாங்குவதற்குள் சாஜிதா வந்துவிட்டாள். அவள் என்ன கண்டாள், பாவம். உறையை நீக்கிப் பார்த்து, "ஏடி பொன்னு, இது அன்னைக்கு மதுரையில வளையத்துல மாட்டுன ஸ்டிக்குதான? இன்னும் மேப்பூச்ச எடுக்கலையா? அன்னைக்கு மட்டும் இதுல ஆடியிருந்தா நீயும் எங்கூட வந்திருப்படி" என்றாள்.

அப்பா சிரித்துக்கொண்டேதான் நின்றார். சிரிப்பு போக நேரமானது. "வளையமா? என்ன வளையம்?" என்று கேட்டார்.

சாஜிதா என் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் அப்பா பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்தபோது அவரும் இல்லை, மட்டையும் இல்லை.

21 ஜனவரி

அப்பா சாப்பிடாமலே பட்டறைக்குப் போய்விட்டார் என்று அம்மா என்னிடம் தூக்குவாளியைக் கொடுத்தாள்.

உள்ளே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மடியில் மட்டை. குவளையில் தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஆரஞ்சும் கறுப்புமாகத் தண்ணீர் ஓடிக் கிடந்தது. பக்கத்தில் லேத்தில் கடைந்து வாங்கிய ஒரு இரும்பு வளையம். தேய்ப்பதும் நுழைத்துப் பார்ப்பதுமாக இருந்தார். அது எப்போதோ தாராளமாக நுழைந்துகொண்டிருந்தது. இருந்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. வெள்ளிக் கோடு போய், கறுப்புப் போய், நாரே தெரிகிறது. வளைவில் நார் சிலும்பிக்கொண்டு நிற்கிறது.

"போதும்ப்பா."

"ஏன் ஆத்தா எங்கிட்டச் சொல்லல?"

தூக்குவாளியக் கீழ வச்சேன்.

"தீவாளிக்கு வந்தவுககிட்டெல்லாம் காட்டுனனே… நீ பாத்துக்கிட்டு நின்னியே ஆத்தா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…" அழுதார். கைலி முனையால் துடைத்தால் பெயிண்ட் கண்ணில் படுமே என்று நான் என் தாவணியைக் கொடுத்தேன். எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்ல. எங்க அப்பத்தா செத்தன்னைக்குக்கூட அழுகல.

அவர் வருத்தப்படக் கூடாது என்றுதானே சொல்லாமல் இருந்தேன்? அது அவருக்கு இதைவிடப் பெரிய அடியாகிவிட்டதா?

23 ஜனவரி

அந்த மட்டையிலேயே ஆடினேன். சிலும்பிய நாரில் கை எல்லாம் அரிப்பு. "நல்லாருக்குப்பா, வெயிட்டுக் கொறஞ்சிருக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. இனிமேல் எதை நம்புவார்?

17 பிப்ரவரி

மட்டை வளைவில் பிளந்துவிட்டது. இந்தத் தடவை வீட்டுக்கு வந்ததும் நேரே சொன்னேன். "ஒடஞ்சிருச்சுப்பா." அப்பா "சரி ஆத்தா" என்றார். பிச்சைமணி அண்ணனிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அண்ணன், "அட விடுங்கண்ணே, வெளையாட்டுச் சாமான்னா ஒடையத்தான் செய்யும்" என்றாராம். அப்பா அதற்கும் "சரி" என்றுதான் சொன்னாராம்.

29 மார்ச்

பரீட்சை முடிந்தது. டீச்சருக்கு மாற்றலாகிவிட்டது.

13 மே

பிச்சைமணி அண்ணன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "முன்னெல்லாம் சாவியக் குடுத்துட்டுப் போயிருவோம் மதினி, என்ன கலரு, என்ன டிசைனு எல்லாம் அண்ணன் இஷ்டம். இப்ப ஒரு கோடு இழுக்க நாலு தடவ கூப்பிட்டுக் கேக்குறாக. இது போதுமா, அடிக்கட்டுமா, கெட்டுறாதேன்னு. ரெண்டு வண்டி கம்பத்துப் பட்டறைக்குப் போயிருச்சு. நான் போக மாட்டேன், இருந்தாலும் சொல்றேன்."

நேற்று என் சைக்கிள் மணி ஆடியது. அப்பா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நான் குளித்து வரும்வரை நின்றார், முடுக்கலாமா என்று கேட்க.

10 ஜூன்

காலேஜில் சேர மார்க்கு போதவில்லை. தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை, ஹாஸ்டல் உண்டு, சாயங்காலம் தபால்வழியில் படிக்கலாம் என்கிறார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா, "உனக்கு எது சரின்னு படுதோ…" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம்.

24 ஜூன்

ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

நேற்று அம்மா எனக்குப் புதுத் தகரப்பெட்டி வாங்கி வந்தாள். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் வந்து, "பேரு எழுதட்டுமா ஆத்தா? வேணாம்னா வேணாம்" என்றார்.

"எழுதுங்கப்பா."

"என்ன கலருல?"

"உங்களுக்குப் பிடிச்சதுல எழுதுங்க."

"இல்ல, நீ சொல்லு."

வெள்ளை என்றேன். ஜீப்பு நெற்றியில் சாமி பேரை ஒரே இழுப்பில் முழ நீளத்துக்கு எழுதுகிற கை அது. பெட்டி மூடியின் ஒரு மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி 'பொன்னாத்தாள்' என்று எழுதி நிறுத்திக்கொண்டது.

"இன்னும் பெருசா எழுதலாமேப்பா."

"போதும் ஆத்தா. கெட்டுறக் கூடாதுல்ல" என்று பிரஷைத் துடைத்தார்.

இங்கே கட்டிலுக்கடியில் எல்லார் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கிறது. மற்றவர்கள் நின்றபடியே தங்கள் பெட்டியை இழுக்கிறார்கள். நான் மட்டும் தரையில் குனிந்து, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.