கிடா துளுக்கும் வரை

தெருமுனையில் இளநீர் வண்டி வந்து நின்றிருக்கிறது. காயின் தலையில் அரிவாள் இறங்கும் சத்தம் ஆனையூரில் என் மாடி வீடுவரை ஏறி வருகிறது. "வழுக்கையாக்கா, தண்ணியாக்கா?" என்று வண்டிக்காரர் யாரையோ கேட்கிறார். எழுந்து போய் ஜன்னலை அறைந்து சாத்திவிட்டு, உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். கோச்சடை பஸ் ஸ்டாப்பில் உன் புருஷன் உன்னைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற நாளிலிருந்து அந்தச் சத்தம் எனக்கு ஆவதில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். நான் கணக்கு, நீ வரலாறு. நான் கதை எழுதுவேன். அச்சுக்குப் போவதற்கு முன் அதைப் படிக்கும் ஒரே ஆள் நீ. உன் வாயிலிருந்து ஒரு பாராட்டை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே நீ கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த ஊருடி?"

"எந்த ஊரா இருந்தா என்ன?" என்று ஒரு தடவை எரிந்து விழுந்தேன்.

"இப்ப வர்ற கதைகள்ல ஆளுக பேசிக்கிட்டே இருக்காய்ங்க. நிக்க ஒரு எடம் இல்லாம அந்தரத்துல தொங்குறாய்ங்க, பாவம். காலுக்குக் கீழ கொஞ்சம் மண்ணு போடு" என்றாய்.

நீ படிக்கிற விதமே அப்படித்தான். யாரோ எழுதிய ஒரு கதையில், மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாயை மழை வந்தும் யாரும் அள்ளவில்லை என்று ஒரு வரி வந்தது. பக்கத்தைத் திருப்பாமலே, "அந்த வீட்டுப் பொம்பள செத்துட்டாடி" என்றாய். நாலு பக்கம் தள்ளித்தான் எனக்கு அது தெரிந்தது. எழுதியவரும் நீயும் எனக்குத் தெரியாமல் ரகசியம் பேசிக்கொண்ட மாதிரி எரிச்சலாக இருந்தது.

அப்புறம் அந்தக் கிடாவெட்டுக் கதை. கோயில் திருவிழாவில் அண்ணனைத் தம்பி வெட்டுகிறான். ஆட்டுத் தலை விழுவதில் தொடங்கி, ஆள் தலை விழுவதில் முடித்திருந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. நீ முதல் பத்தியிலேயே சிரித்துவிட்டாய்.

"ஏண்டி, ஆடு துளுக்கவே இல்ல. அதுக்குள்ள வெட்டிப்புட்ட?"

எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் பிறந்த எனக்கு ஆட்டைப் பிரியாணியில்தான் பழக்கம். "பாக்காம எழுதுனா இப்படித்தான். வா, காட்டுறேன்" என்று திருமங்கலத்துக்கு மேற்கே உங்கள் குலசாமி கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

உச்சி வெயில். கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பெயர்தான் துளுக்குவது. அதுவரை யாரும் கத்தி வைக்கக் கூடாது. அந்தக் கிடா துளுக்கவில்லை. சும்மா நின்றது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொட்டு நின்றுபோனது. அரிவாள்காரர் கையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். "துளுக்கு சாமி, துளுக்கு" என்று கூட்டம் கெஞ்சியது.

கூட வந்திருந்த உன் புருஷனுக்குத்தான் பொறுக்கவில்லை. "எம்புட்டு நேரம்யா நிக்கிறது? போடுய்யா ஒரே போடா!" என்று கத்தினான்.

"கேட்டுத்தான் வெட்டணும் மாப்ள. ஒங்க அவசரத்துக்கு சாமி வராது" என்றார் பூசாரி.

நீ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். உன் நகம் பதிந்தது. இன்னொரு குடம் ஊற்றினார்கள். கிடா உதறியது, எல்லார் மேலும் தண்ணீர் தெறித்தது, அரிவாள் இறங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாய்: "வெட்டுனதப் பாத்தியா? ஒரு நிமிசங்கூட இல்ல. தாடில தண்ணி சொட்டிக்கிட்டு நின்னுச்சே, அத எழுது. படிக்கிறவன் அங்கதான் சாவான்." கொஞ்ச நேரம் கழித்து, "வீட்லயும் அப்படித்தாண்டி. அடி விழுந்துட்டா முடிஞ்சுபோச்சு. வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் இருக்கு பாரு..." என்றாய். அடுத்த மாதமே அவனை விட்டு வந்து, கோச்சடையில் தனியாக வீடு எடுத்துத் தங்கினாய்.

அங்கேயும் வந்துவிட்டானே, பாவி.

பேப்பரில் நாலு வரி. 'குடும்பத் தகராறில் ஆசிரியை வெட்டிக் கொலை.' தகராறாம்! பஸ்ஸுக்கு நிற்பது தகராறா? ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி, "அவளும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றாள். கையிலிருந்த டிபன் பாக்ஸைச் சுவரில் வீசி அடித்தேன். சுவரில் குழம்புக் கறை இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

உன்னை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, ரத்தம்தான் வந்தது. எப்படித் தொடங்கினாலும் முதல் வரியிலேயே அரிவாள் வந்து நின்றது. அப்படி ஒன்றை முடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "செம விறுவிறுப்பு, போட்டுடலாம்" என்று ஆசிரியர் போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிழித்தேன். அவன் ஜாமீனில் வெளியே வந்து வெள்ளை வேட்டியோடு திரிகிறான். உன் சாவையும் நான் ஒரு விறுவிறுப்பாக்கிக் கொடுத்தால், படிக்கிறவன் அந்த நாலு வரியைத் தாண்டிய மாதிரியே இதையும் தாண்டிப் போய்விடுவான். அதை என்னால் தாங்க முடியாது.

"இது எந்த ஊருடி?" என்று நீ கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, நீ பஸ் ஏறும் நேரத்துக்குக் கோச்சடை ஸ்டாப்பில் போய் நின்றேன்.

வைகைப் பக்கமிருந்து சாக்கடையும் ஈரமண்ணும் கலந்த வாடை. இட்லிக் கடையில் ஆவி. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடும் சத்தம். வேப்பமர நிழலில் இளநீர் வண்டி. அவன் உன்னை வெட்டிய அரிவாள் அந்த வண்டியிலிருந்து எடுத்ததுதான். வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மாவுக்குச் சொந்தமா?" என்றார். பிரெண்டு என்றேன். அவராகவே பேசினார்.

"நல்லாத்தான் வந்து ஒக்காந்தாரு, அக்கா. தண்ணியாண்ணே, வழுக்கையாண்ணேன்னு கேட்டேன். வழுக்கைன்னாரு. வெட்டிக் குடுத்தேன், நிதானமா வழிச்சுத் தின்னாரு. அந்தா, அங்கிட்டு டீச்சரம்மா கொடையோட ரோட்டத் தாண்டுறாங்க. நான் அருவாள வச்சுட்டு மட்டைய அள்ளத் திரும்புனேன்." வண்டியில் கிடந்த அரிவாளைத் தொட்டுக் காட்டி, "அத போலீசு கொண்டு போயிருச்சு. இது புது அருவா" என்றார்.

கதையை எழுதி முடித்துவிட்டேன். என் கதையில் அரிவாள் எங்கேயும் இறங்கவில்லை. மர நிழலில் ஒருத்தன் வழுக்கை தின்கிறான். தோளில் இளநீர்த் தண்ணீர் தெறித்திருக்கிறது. வண்டி ஓரத்தில் அரிவாள் ஈரத்தோடு கிடக்கிறது. எதிர்ப்புறத்தில் ஒரு குடை ரோட்டில் இறங்குகிறது. பஸ் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான். கவனித்துப் படிக்கிறவர்கள் அந்த நிழலில் மாட்டிக்கொண்டு, கத்தவும் முடியாமல், நகரவும் முடியாமல் நிற்கட்டும்.

நீ படித்தால் "பரவால்லடி" என்றாவது சொல்லுவாய். அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

சாத்திய ஜன்னலைத் தாண்டியும் அந்தச் சத்தம் வருகிறது. வழுக்கையா, தண்ணியா. அவனிடம்கூட என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றி, ஊர் முழுக்க நின்று கெஞ்சிக் கேட்டது. உன்னிடம்தான் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லையடி.