உலைக்களமும் துருவும்

ஜூன் 9, திங்கள்

தமிழ் மிஸ் ஒப்பீட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார். இரண்டு கவிஞர்கள், இரண்டு நதிகள், எது வேண்டுமானாலும். நான் இரண்டு ஹெவி மெட்டல் குழுக்களின் ஆல்பங்களை ஒப்பிடப் போகிறேன் என்றேன். "அந்தக் காட்டுக் கத்தலையா?" என்றார். வகுப்பே சிரித்தது. "சரி, ஆதாரத்தோட எழுது."

ஆதாரத்துக்கு என்ன குறைச்சல்? உலைக்களம் அப்பாவின் குழு. துரு சித்தப்பாவின் குழு. முதலில் இருவரும் உலைக்களத்தில்தான் இருந்தார்கள். அப்பா கிடார், சித்தப்பா பாட்டு. முதல் ஆல்பம் வந்த கையோடு சண்டை. அப்பாவைச் சீண்டத்தான் சித்தப்பா தன் குழுவுக்குத் துரு என்று பேர் வைத்தாராம்.

துரு ஐந்து ஆல்பம் போட்டுவிட்டது. உலைக்களம் இரண்டுதான். மூன்றாவதை அப்பா பின்னறையில் பதிவு செய்துகொண்டே இருக்கிறார், நான் எழுத்துக்கூட்டிப் படித்த காலத்திலிருந்து. உடன் வாசித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நேற்று சித்தப்பா போன் செய்தார். துரு பெரிய சுற்றுப்பயணம் போகிறது. அவர்களுடைய கிடாரிஸ்ட் விலகிவிட்டார். அந்த இடத்தில் அப்பா வந்து வாசிக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். போனால் மூன்றாவது ஆல்பம் அவ்வளவுதான். அவர் போகக் கூடாது. எந்தக் குழு உயர்ந்தது என்று நான் நிரூபித்துவிட்டால் எதற்குப் போகப் போகிறார்?

ஜூன் 11, புதன்

முறையாகச் செய்கிறேன். பாடல் வரி, கிடார், டிரம்ஸ், குரல், மொத்தமாகக் கேட்டால் என்ன ஆகிறது — ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண். உலைக்களத்தின் முதல் ஆல்பம் 'கனல்'. கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் கையெழுத்தே கோணலாகப் போனது. அப்பாவின் கிடார் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. ஏறக்குறைய முழு மதிப்பெண்.

ஜூன் 14, சனி

துருவின் முதல் ஆல்பம் 'கீறல்'. டிரம்ஸ் தகர டப்பா. சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்திருக்கிறது, அப்படியே பாடியிருக்கிறார். சராசரி பத்துக்கு இரண்டு. சந்தோஷமாகத் தூங்கப் போகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

உலைக்களத்தின் இரண்டாவது, 'சாம்பல்'. அப்பாவே பாடி, அப்பாவே வாசித்தது. ஒரு பிசிறு கிடையாது. கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் வராந்தாதான்.

அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். அவளிடம் கேட்டேன். "ஒரு அளவுக்கு மேல தேய்ச்சா லென்ஸே மிச்சம் இருக்காது. உங்கப்பாகிட்ட சொல்லிப் பாரு" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜூன் 20, வெள்ளி

துருவின் நான்காவது ஆல்பம், 'பல்சக்கரம்'. ஒரு பாட்டின் நடுவில் சித்தப்பாவுக்கு மூச்சு போய்விடுகிறது. டிரம்ஸ் அவருக்காக ஒரு சுற்று காத்திருக்கிறது. அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து வந்து விழும்போது எனக்கு அழுகை வந்தது.

ஏன் வரணும்? யாரோட பாட்டுக்கு நான் அழறேன்?

ஜூன் 21, சனி

மதிப்பெண்களை மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்றவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சித்தப்பா பதில் கேட்க நேரிலேயே வந்துவிட்டார். "என்ன புத்தகப்பூச்சி, இப்ப எந்த அலமாரியை அரிச்சிக்கிட்டிருக்கே?" என்றார். அப்பா அவரிடம் அதிகம் பேசவில்லை. சாப்பிடும்போது திடீரென்று, "அந்தக் கட்டுரையைக் கொண்டா. உன் சித்தப்பனும் கேக்கட்டும்" என்றார். நான் என்ன எழுதியிருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"இன்னும் திருத்தணும்ப்பா."

"பரவால்ல, படி. பெரிய பாடகர் வந்திருக்கார்ல."

'கனல்' பகுதிக்கு அப்பா தலையாட்டினார். சித்தப்பாவும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தல? நாளைக்கு மிஸ் படிக்கப் போறதை அப்பாகிட்ட மறைக்கிறதான்னு தோணிச்சு. பெரிய நீதிபதி நான்.

கடைசிப் பத்தி வரை படித்தேன். "துரு தவறுகளோடு வெளியே வந்தது, ஆல்பத்துக்கு ஆல்பம் கற்றுக்கொண்டது. உலைக்களம் தவறே செய்யக் கூடாதென்று உள்ளேயே இருந்துவிட்டது."

யாரும் சாப்பிடவில்லை.

"சின்னப்பிள்ளை ஏதோ எழுதியிருக்கு, விடுண்ணா. கனல் இல்லேன்னா நாங்க ஏது?" என்றார் சித்தப்பா. அவர் ஜெயித்த மாதிரி சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார் அப்பா. எழுந்து கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து, "ரெண்டு வாரம் டைம் குடு" என்றார் சித்தப்பாவிடம்.

"அண்ணா, ஒத்திகை ஆரம்பிக்கப் போவுது. இப்பவே சொல்லிடேன்."

"ரெண்டு வாரம்."

அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

வகுப்பில் முதல் மதிப்பெண். "சொந்தபந்தம் பார்க்காத நடுநிலை" என்று மிஸ் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். வீட்டில் காட்டவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா சித்தப்பாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சித்தப்பாவின் குரல் வெளியே கேட்டது.

"வரேன்டா" என்றார் அப்பா.

"அண்ணா... ஒரு பையனைப் போட்டு ஒத்திகையே பாதி முடிஞ்சிடுச்சே. நீ ஒண்ணும் சொல்லலையேண்ணா."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஏதாச்சும் இருக்கா?"

"கம்பி மாத்த, சுதி பார்த்துக் குடுக்க ஒரு ஆள் வேணும். அதைப் போய் உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"கேளு" என்றார் அப்பா.

"கூப்பிட்டப்பவே போயிருந்தா மேடையில நின்னிருப்பார்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். உண்மைதான். அன்று கட்டுரையை நான் படிக்காமல் இருந்திருந்தால் பின்னறையிலேயே இருந்திருப்பார். அதுவும் உண்மைதான். எது மேல் என்று எனக்கு ஒப்பிடத் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

அப்பா கிளம்பிவிட்டார். என் தலையில் கை வைத்து, "நல்லா படி" என்றார். அதை எந்த அர்த்தத்தில் சொன்னார்?

செப்டம்பர் 13, சனி

இன்று மாலை துரு எங்கள் ஊரில் வாசித்தது. அம்மா வரவில்லை, கடையில் வேலை என்றாள். சித்தப்பா அனுப்பிய பாஸில் நான் முன்வரிசையில் நின்றேன். கூட்டம் முழுக்கக் கறுப்புச் சட்டை.

நான்காவது பாட்டில் அந்தப் பையனுடைய கிடார் கம்பி அறுந்தது. மேடை ஓரத்திலிருந்து அப்பா குனிந்தபடி ஓடி வந்தார். இன்னொரு கிடாரை அவன் தோளில் மாட்டினார். அறுந்ததை வாங்கிக்கொண்டார். ஒரு விநாடி வெளிச்சத்தில் நின்று, பையனுடைய விரல்கள் கம்பியில் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்தார். பிறகு இருட்டுக்குள் போய்விட்டார். பாட்டு நிற்கவே இல்லை.

"செம ஸ்பீடுல? யார் அந்த அங்கிள்?" என்று பக்கத்தில் நின்ற அக்கா என் காதருகே கத்திக் கேட்டாள்.

"டெக்னீஷியன்" என்றேன்.

சரியான பதில்தான். அவள் தலையாட்டிவிட்டு மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.